பேச்சியம்மாள் பொருத்திய கண்

செய்தி வந்தபோது நான் கோபாலபுரம் சோதனைச்சாவடியில் நின்றுவிட்ட பேருந்துக்குள், யாரோ ஏற்றியிருந்த வாழைத்தார் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். தலை தமிழ்நாட்டிலும் கால் கேரளத்திலும் இருந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசி அடித்தது. "மாமா, மறையூர்லேர்ந்து பேசுதேன். அம்மா காலையில தவறிட்டாங்க." பேச்சியம்மாளின் மகன். நான் பிறந்ததிலிருந்து வாயை மூடியிருந்த நேரத்தையெல்லாம் கூட்டினாலும் ஒரு டம்ளர் காப்பி ஆறுகிற நேரம் தேறாது என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அன்று பொள்ளாச்சி வரும்வரை நான் ஒரு வார்த்தை பேசவில்லை. கண்டக்டரே வந்து, "ஏனுங்க, ஒடம்புக்கு முடியலீங்களா?" என்று கேட்டார்.

நம் மில்லின் ஓய்வுபெற்றோர் மலருக்கு அவரைப் பற்றி நாலு வரி எழுதச் சொன்னார்கள். நாலு வரியில் நான் எதையாவது சொல்லி முடித்திருந்தால், மழை எட்டிப்பார்க்காத நம் பாலக்காட்டுச் சித்தூர் தாலுக்காவில் மூன்று போகத்துக்கு மழை பெய்திருக்கும். ஆகவே பக்கங்களைத் தாராளமாக ஒதுக்கிவிடுங்கள். உங்களில் பாதிப் பேருக்குப் பேச்சியம்மாளை, கம்ப்யூட்டர் அறையில் வேலை பார்த்து, 'எந்திரத்தின் அரக்கு சீலை உடைத்ததற்காக' வேலையை விட்டு அனுப்பப்பட்ட பெண்ணாகத்தான் தெரியும். மீதிப் பேருக்கு அதுவும் மறந்திருக்கும். முழுக்கதை தெரிந்தவர்கள் இரண்டு பேர். இப்போது ஒருவன்தான் இருக்கிறேன்.

எழுபதுகளின் நடுவில் நம் மில்லுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. எந்த நாட்டிலோ பத்து வருஷம் உழைத்து, ஓய்வு கொடுக்கப்பட்டு, கப்பலேறி வந்த கிழம். அதன் தட்டு எந்திரம் ஒன்றே ஒரு நெல் பத்தாயம் அளவு இருக்கும். சுற்ற ஆரம்பித்தால் நல்லேப்பிள்ளியில் எங்கள் வீட்டுக் கூரை ஓடு அதிர்ந்தது என்று அப்போது ஊரில் சொல்லிவந்தேன். அது பொய். கூரை அதிரவில்லை, என் மாமனார்தான் அதிர்ந்தார், மருமகன் அதை இயக்குகிறவன் என்று கேள்விப்பட்டு. நானும் பேச்சியம்மாளும் அந்த அறையில் தற்காலிக ஆட்கள். எனக்குப் பொத்தான் அமுக்குகிற வேலை, அவருக்குத் துடைப்பது, எண்ணெய் போடுவது, ஒயர் பார்ப்பது.

மூணாறுக்குப் பக்கத்து எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளும் குடும்பத்தில் பிறந்து, திருநெல்வேலிப் பேச்சு மாறாமல், ரேடியோ மெக்கானிசம் படித்துவிட்டு வந்தவர். வந்த முதல் நாளே என்னை அண்ணாச்சி என்றார். நான் அம்மிணி என்றேன். என் பேச்சு அவருக்குச் சிரிப்பு. "அண்ணாச்சி, நீங்க ஒரு தடவ 'என்னங்க' சொல்லி முடிக்கதுக்குள்ள நான் ரெண்டு வால்வ மாத்திருவேன்" என்பார். "நீ பேசறதக் கேட்டா சண்டைக்கு வர்றயா, சாப்பிடக் கூப்புடறயான்னே தெரியறதில்ல அம்மிணி" என்பேன். "ரெண்டுந்தான். மொதல்ல சாப்புடுங்க" என்று எலுமிச்சம் சோற்றுப் பொட்டலத்தை நீட்டுவார். திருகாணிகளைக் கழற்றினால் கழற்றிய வரிசையிலேயே ஒரு பழைய துணியில் அடுக்குவார். நான் ஒன்றைத் தள்ளி வைத்துவிட்டால், "அதுக்கும் வீடு வாசல் உண்டு அண்ணாச்சி, பக்கத்து வீட்ல கொண்டு விடாதீங்க" என்பார்.

எந்திரத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்லாமல் மேலே போக முடியாது. ஆறு தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஓர் அடுக்கு அதில் சுற்றும். எழுதியிருப்பதெல்லாம் அந்தத் தட்டுகளில்தான். கடைசித் தட்டின் விளிம்பில் ஒரு சின்ன வெட்டு உண்டு. அதற்குக் கீழே ஒரு குண்டூசித்தலை பல்பு, மேலே வெளிச்சத்தை உணர்கிற ஒரு கண். தட்டு ஒரு சுற்று சுற்றும்போது வெட்டு வழியாக வெளிச்சம் ஒரே ஒரு தரம் கண்ணில் படும். 'இதுதான் ஆரம்பம்' என்று எந்திரம் தெரிந்துகொண்டு, அங்கிருந்து எண்ணிக்கொண்டு போய் எழுதும், படிக்கும். கல்பாத்தித் தேருக்கு நிலை இருக்கிறதே, அதுபோல. நிலை எது என்று தெரியாத தேர் நாலு வீதியும் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அந்த எந்திரத்துக்குள் இருந்தது என்ன தெரியுமா? பதிலி ஆட்களின் வருகைப் பதிவு. நிரந்தரத் தொழிலாளி வராத நாளில் அவர் இடத்தில் நின்று தறி ஓட்டுகிறவர்கள், நூல் சுற்றுகிறவர்கள். இத்தனை நாள் வேலை பார்த்திருந்தால் நிரந்தரம் என்று சங்கம் பேசி முடித்திருந்தது. பட்டியல் சித்திரை விஷுவுக்கு வர வேண்டும். எந்திரம் வந்த பெருமையில் கையால் எழுதும் பதிவேட்டை நிறுத்திவிட்டார்கள். வாசலில் துளை போடும் அட்டை, அட்டையிலிருந்து தட்டு, அவ்வளவுதான். நாற்பத்து மூன்று பேருடைய நாட்கள் அந்தத் தட்டுகளில் சுற்றிக்கொண்டிருந்தன. கம்ப்யூட்டர் அறையின் தற்காலிக ஆட்களையும் அதே பட்டியலில் சேர்த்திருந்தார்கள். அவர் பெயர் இருந்தது. என் பெயரும் இருந்தது.

இப்போது ஆயுத பூஜைக்கு வருகிறேன். இதுவரை நான் யாரிடமும் சொல்லாத இடம் இது. மில்லில் எல்லாத் தறிக்கும் பொட்டு வைத்தார்கள். கம்ப்யூட்டர் அறைக்குள் புகையோ தூசியோ கூடாது என்று பலகையே மாட்டியிருந்தது. மேனேஜர் வாசலோடு கற்பூரம் காட்டிவிட்டுப் போய்விட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. நூல் சுற்றுகிற ராட்டைக்கெல்லாம் பூஜை, இத்தனை பெரிய மகாராஜாவுக்கு வாசலோடு சலாமா? எல்லோரும் பொரி வாங்கப் போயிருந்த நேரத்தில் தூபக்காலை உள்ளே கொண்டுபோய், எந்திரத்தைச் சுற்றிச் சுற்றிச் சாம்பிராணி போட்டேன். வஞ்சனையில்லாமல் போட்டேன். ஆனைமலை மேகம் அன்று அந்த அறையில்தான் இறங்கியது.

மூன்றாம் நாள் எந்திரம் நின்றுவிட்டது. தட்டு சுற்றுகிறது, ஆனால் எதையும் படிக்கவில்லை.

பம்பாயிலிருக்கும் கம்பெனி ஆட்கள்தான் திறக்கலாம் என்று மூடியில் அரக்கு சீல் உண்டு. அவர்களுக்கு எழுதினால், கண் தேய்ந்திருக்கும், புதுசு வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், லைசன்ஸ் கிடைக்க ஆறு மாதம் ஆகும் என்று பதில் வந்தது. ஆறு மாதம் என்றால் விஷு தாண்டிவிடும். பட்டியல் போடுகிற அன்று எந்திரம் ஓடவில்லையென்றால், அட்டைகளைக் கையால் எண்ண ஆளில்லை, கணக்கை மறுபடி தொடக்கத்திலிருந்து எண்ணுவது என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. நாற்பத்து மூன்று பேரும் மறுபடி முதல் நாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகல். மில்லுக்கு விடுமுறை. நான் டார்ச் பிடிக்க, பேச்சியம்மாள் சீலை உடைத்து மூடியைத் திறந்தார். குனிந்து பார்த்தார். மூக்கைச் சுருக்கினார்.

"அண்ணாச்சி, மிஷினுக்குள்ள என்ன மாரியம்மன் கோயில் வாசம் அடிக்கி?"

நான் விட்டத்தைப் பார்த்தேன்.

"டார்ச்ச மேல பிடிக்காதீங்க, அங்கன ஒண்ணும் ரிப்பேர் இல்ல. இங்கன பிடிங்க."

கண்ணின் மேல் காப்பி நிறத்தில் ஒரு படலம். சாராயத்தில் நனைத்த பஞ்சால் துடைத்தார். துடைத்தும் பார்வை வரவில்லை. கிழட்டுக் கண், ஏற்கெனவே மங்கிக்கொண்டிருந்தது, என் பக்தி அதை முடித்துவைத்தது. அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். "உங்க வீட்ல பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ இருக்குல்லா?" என்று கேட்டார்.

இருந்தது. என் கல்யாணத்துக்கு மாமனார் கொடுத்தது. அந்தக் கால ரேடியோவுக்குள் சின்னக் கண்ணாடிக் குப்பி மாதிரி டிரான்சிஸ்டர்கள் இருக்கும், மேலே கறுப்புச் சாயம் பூசி. ஏன் கறுப்பு என்றால், வெளிச்சம் பட்டால் அதற்குக் கிறுக்குப் பிடித்துவிடும். அந்தக் கிறுக்குத்தான் நமக்கு வேண்டும் என்றார் பேச்சியம்மாள். அடுத்த ஞாயிறு, சவர பிளேடால் அந்தச் சாயத்தைச் சுரண்டினார். கடுகுக்குப் பச்சை குத்துகிறவர்கூட அத்தனை மெதுவாகக் குத்த மாட்டார். குப்பி பழைய கண்ணைவிடக் கொஞ்சம் தடிமன். பழைய பொந்தில் நுழையவில்லை. பக்கத்திலேயே, அரிசி அகலம் தள்ளி, ஒரு தகரத் துண்டில் வைத்து இறுக்கினார். பொத்தானை அமுக்கினேன். பார்வை வந்துவிட்டது! நான் குதித்த குதியில் வாளையாறு பக்கம் யானைகள் மிரண்டிருக்கும்.

ஒரே குறை, தட்டில் முன்பு எழுதியிருந்த எதையும் எந்திரம் படிக்கவில்லை. பழுதில் அழிந்துவிட்டது என்று நினைத்தோம், அவரும்தான். நல்லவேளை, அட்டைகள் இருந்தன. எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினோம். ஏற்றி முடித்ததும் மேனேஜர், இனி அட்டை எதற்கு, இடத்தை அடைக்கிறது என்று பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு மாதா மாதம் அட்டைகள் அப்படியே போயின. கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் அந்த வருஷம் கடலை வாங்கினவர்களெல்லாம் நம் வருகைப் பதிவைத்தான் மென்றார்கள்.

உடைந்த சீலை என்ன செய்வது? அங்கே என் மூளை வேலை செய்தது. சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, சீல் இருந்த இடத்தில் உள்ளங்கை அகலம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். மேனேஜர் வந்து பார்த்தார். எந்திரம் ஓடுகிறது, நெற்றியில் பொட்டு. "ஏய் கிட்டுச்சாமி, நீ பூஜ கழிச்சோ?" என்றார் அவருடைய மலையாளத்தில், பூஜை செய்தாயா என்று. ஆமாம் சார் என்றேன். செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். அதன்பின் அந்தச் சந்தனத்தை ஒருவரும் தொடவில்லை. பூஜை செய்து கம்ப்யூட்டரை உயிர்ப்பித்தவன் என்று மில் முழுக்க எனக்குப் பெயர். தறிக்காரர்கள் என்னிடம் திருநீறு கேட்டார்கள், கொடுத்தேன். வீட்டில் மட்டும் என் மனைவி சரசு, "பூச போட்டு மிசினுக்கு உசுரு குடுத்தவரு, எங்கப்பா குடுத்த ரேடியோவுக்கும் கொஞ்சம் உசுரு குடுங்க பாக்கலாம்" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

விஷுவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது தந்தி வந்தது. புதுக் கண் வந்துவிட்டது, திங்கட்கிழமை காலை பம்பாய் இன்ஜினியர் வருகிறார்.

முந்தின நாள் ஞாயிறு. என் திட்டம் எளிது. குப்பியை எடுத்துவிட்டுச் செத்த பழைய கண்ணைப் பழைய பொந்தில் வைத்து மூடிவிடுவோம். மறுபடி நின்றுபோனது, பூஜைச் சந்தனத்தோடு சீலும் பெயர்ந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். இன்ஜினியர் புதுசைப் போடுவார், எல்லாம் சுபம். பேச்சியம்மாளும் சரி என்றுதான் வந்தார். மூடியைத் திறந்தார். ஸ்குரூடிரைவரை வைத்தார். திருகவில்லை. பொந்தைப் பார்த்தார், குப்பியைப் பார்த்தார், மறுபடி பொந்தைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, அன்னைக்குப் பழைய எழுத்து அழியல."

"என்னம்மிணி சொல்ற?"

"தேர் நெலைன்னு சொல்லுவீங்கல்லா. நான் நெலைய மாத்திட்டேன். இந்த அஞ்சு மாசமா எழுதுனதெல்லாம் இந்தக் குப்பி இருக்க எடத்துலேர்ந்து எண்ணி எழுதுனது. அவரு வந்து புதுசப் பழைய எடத்துல வச்சா, ஒரு எழுத்தும் படிக்காது. எல்லாம் தொலஞ்சுச்சுன்னு தட்டத் தொடச்சுப் புதுசா ஆரம்பிப்பாரு."

நான் கணக்குப் போட்டேன். அட்டைகள் கடலைக்காரரிடம். புது அட்டையில் துளைத்து எடுத்துவைக்கலாம் என்றால் நாலு நாள் வேலை, ஸ்டோரிலிருந்து ஒரு அட்டை வெளியே வரவும் மேனேஜர் கையெழுத்து வேண்டும். இன்ஜினியரோ மறுநாள் காலை.

"நாளைக்குச் சொல்லிர வேண்டியதுதான்" என்றார்.

"சொன்னா சீல் ஒடச்சதும் சேந்து வெளிய வரும். உன்ற பேரு பட்டியல்ல இருக்கு, தெரியுமில்ல? இன்னும் ரெண்டு வாரம். கம்முனு பேசாம இரு."

"பேசாம இருந்தா நாப்பத்து மூணு பேரும் போவும். அதுலயும் எம்பேரு உண்டு. சொன்னா எம்பேரு மட்டுந்தான போவும்." ஸ்குரூடிரைவரைத் துணியில் துடைத்து வைத்துவிட்டு, "என்னவோ, கணக்கு சரியாத்தான் வருது" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து நான் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை அறையில் நாலு பேர். இன்ஜினியர் பெட்டியைத் திறந்து கருவிகளை எடுத்து வைத்தார். மேனேஜர் செருப்பில்லாமல் நின்றார். நான் ஆறடி தள்ளி நின்றேன்.

"சார், தொறக்குறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும்" என்றார் பேச்சியம்மாள்.

சொன்னார். கண் மங்கியதை, சீலை உடைத்ததை, சாயம் சுரண்டியதை, அரிசி அகலம் தள்ளி வைத்ததை, இப்போது அந்த இடத்தை மாற்றினால் என்ன ஆகும் என்பதை. சாம்பிராணியைச் சொல்லவில்லை. மேனேஜரின் முகம் சந்தனத்தை விட்டு என் பக்கம் திரும்பவே இல்லை. அவர் கோபம் முழுக்கப் பேச்சியம்மாள் மேல்தான்.

"ஆரு சொல்லியிட்டு? ஒத்தைக்கா செய்தே? வேற ஆரும் உண்டா?" என்று கேட்டார் மேனேஜர்.

அறையில் எந்திரத்தின் காற்றாடிச் சத்தம் மட்டும் இருந்தது. பேச்சியம்மாள் உடனே பதில் சொல்லவில்லை. இதை எழுதுவதற்கு எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. அவர் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, "நான் மட்டுந்தான் சார்" என்றார்.

பாலக்காட்டுக் கணவாயைப்போல் வருஷம் முழுக்க ஓயாமல் வீசுகிற என் வாய் அப்போது மூடியிருந்தது.

இன்ஜினியர் நல்ல மனிதர். லென்ஸ் வைத்துக் குப்பியைப் பார்த்தார், பேச்சியம்மாளைப் பார்த்தார், மறுபடி குப்பியைப் பார்த்தார். அதைத் தொடாமல் நாலு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் அட்டையில் எடுத்தார். அதன்பிறகுதான் புதுக் கண்ணைப் போட்டார். ஒரு நாள்கூடத் தொலையவில்லை. விஷுவன்று வாசலில் பட்டியல் ஒட்டினார்கள். நாற்பத்து இரண்டு பெயர். என் பெயர் பதினேழாவது. சீல் உடைத்த விஷயத்தை மறைக்க மேனேஜருக்கு வழியில்லை, அவர் மேலிடத்துக்கு எழுதித்தான் ஆக வேண்டும். பேச்சியம்மாள் அன்று மாலைப் பேருந்தில் உடுமலைப்பேட்டை வழியாக ஊருக்குப் போனார். வழியனுப்ப நான் போகவில்லை. எனக்கு வேலை இருந்தது. நிரந்தர வேலை.

இரண்டு வருஷம் கழித்து, அவர் குடியேறியிருந்த மறையூருக்குப் போனேன். போகும் வழியெல்லாம் ஒரு மாபெரும் உரையைத் தயார் செய்தேன். சின்னாறு தாண்டும்போது அதைக் கேட்டுக் காட்டெருமைகளே கண்ணீர் விட்டிருக்கும், அத்தனை உருக்கம். பேச்சியம்மாள் கரும்புக் காட்டு நடுவில், வெல்லம் காய்ச்சும் கொட்டகையில், ஆலை மோட்டாரைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். முழங்கைவரை கிரீஸ். அந்த வட்டாரத்தில் ஓடாத மோட்டாரும் பாடாத ரேடியோவும் அவரிடம்தான் வருகிறதாம். என்னைப் பார்த்ததும், "வாங்கண்ணாச்சி! அந்த வாஷரை எடுங்க, நிக்காதீங்க" என்றார். எடுத்துக் கொடுத்தேன். உரை வரவில்லை. "அம்மிணி, அன்னிக்கு நான்…" என்பதோடு நின்றுவிட்டது.

அவர் தலை நிமிராமல் திருகிக்கொண்டே சொன்னார்: "ஒரு நிமிசம் பாத்தேன் அண்ணாச்சி. நீங்க பேசுவீங்களோன்னு. அப்புறம் பாக்கல."

கோபமாகச் சொல்லவில்லை. மன்னிப்பாகவும் சொல்லவில்லை. மோட்டாரில் என்ன பழுது என்று சொல்வதுபோலச் சொன்னார். பிறகு கொதிக்கிற பாகிலிருந்து ஒரு கரண்டி எடுத்து, இலையில் ஆறவைத்துக் கொடுத்தார். "நாக்கு சுடும், பாத்துச் சாப்புடுங்க" என்றார். சாப்பிட்டேன்.

அதன்பின் நாற்பது வருஷத்துக்கு மேல் எங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு அவர் வந்தார், அவர் வீட்டுக்கு நாங்கள் போனோம். சரசுவுக்கு அவர் ஒரு புது ரேடியோ செய்து கொடுத்தார். அந்த நாளைப் பற்றி இருவரும் மறுபடி பேசவில்லை. என்னை எல்லோரிடமும், "எங்க அண்ணாச்சி, பயங்கரமா அளப்பாரு, நம்பிராதீங்க" என்றுதான் அறிமுகப்படுத்துவார்.

ஆகவே, பட்டியலில் இருந்த மற்ற நாற்பத்தொரு பேருக்கும், அவர்களில் இப்போது உயிரோடு இல்லாதவர்களின் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிவிடுகிறேன். அந்த எந்திரத்தை என் பூஜை உயிர்ப்பிக்கவில்லை, என் பூஜைதான் அதைச் சாகடித்தது. உங்கள் வேலையைக் காப்பாற்றியவர் பேச்சியம்மாள். டார்ச் பிடித்த கை என்னுடையது. வேற ஆரும் உண்டா என்று கேட்டபோது இருந்த அந்த வேற ஆள் நான்தான்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது குப்பியோ கருவியோ அல்ல. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே அவர் எனக்காகத் திறந்து வைத்த அந்த ஒரு நிமிடம். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. ஒரு நிமிடம்தான் இருந்தது.